முதலில் காது, பிறகு குரல்

(மயிலாப்பூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பாட்டுப் பீரியடில் என்ன கற்கிறார்கள், என்ன கற்க வேண்டும் என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பாட்டு டீச்சராக இந்த வகுப்புகளில் பிள்ளைகளோடு நின்றவள் என்ற உரிமையில் பேசுகிறேன். வேறு தகுதி எதையும் நான் கோரவில்லை.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரைப் பாருங்கள். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கச்சேரி நடக்கிறது. 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு பெருமையும் நமக்கு இருக்கிறது. ஆனால் இதே ஊரில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று, எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும், வாரத்துக்கு இரண்டு முறை நல்ல ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து பாடுகிறதா? ஓர் ஊரின் இசை வளத்தை நான் இந்தக் கேள்வியால்தான் அளப்பேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பகுதியில் பாட்டுக் கற்பது என்றால் வீட்டுப் பாட்டு கிளாஸ்தான் நினைவுக்கு வரும். விஜயதசமியன்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணையோடு குழந்தையை அழைத்துப்போய்ச் சேர்ப்போம். அங்கே நான்கைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு வரும் பிள்ளை தங்கும், வராத பிள்ளை கொஞ்ச நாளில் நின்றுவிடும். அது ஒரு கலையைக் கைமாற்றித் தரும் இடம். அதற்கென்று ஒரு வரிசை உண்டு, ஒரு கண்டிப்பு உண்டு, அது வேண்டியதும்கூட.

பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பு அப்படிப்பட்டதல்ல. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். விரும்பி வந்தவர்களும் அங்கே இருப்பார்கள், பெஞ்சில் உட்காரவே பொறுமை இல்லாதவர்களும் இருப்பார்கள். ஒருவரையும் வடிகட்ட முடியாது, வடிகட்டவும் கூடாது. கணக்கு வகுப்பு கணித மேதைகளுக்காக மட்டும் நடப்பதில்லையே. அதுபோல இந்த வகுப்பும் வருங்கால வித்வான்களுக்காக நடப்பதில்லை. நாற்பது பேரில் ஒருவர் பாடகர் ஆகலாம். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் இது என்ன தருகிறது என்பதுதான் நம் கேள்வி.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பள்ளிப் பாட்டு வகுப்பு தரும் முதல் கல்வி, கேட்பது. தன் குரலையும் பக்கத்தில் இருப்பவரின் குரலையும் ஒரே நேரத்தில் கேட்டு, இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது. பாட்டுப் பாடுவது அந்தக் கல்விக்கு வழி. பாட்டின் எண்ணிக்கையை வைத்து இந்த வகுப்பை அளக்கத் தொடங்கிய இடத்தில்தான் நாம் வழி தவறினோம்.

சுருதியிலிருந்து தொடங்குவோம். சுருதிப் பெட்டியையோ தம்பூராவையோ, இன்றைக்குப் பல வகுப்புகளில் இருப்பதுபோல் கைபேசிச் செயலியையோ ஒலிக்கவிட்டு, யாரும் பாடாமல் ஒரு நிமிடம் கேட்கச் சொல்ல வேண்டும். கத்தித் தீர்த்துவிட்டு விளையாட்டு மைதானத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது எளிதல்ல. முதல் வாரம் சிரிப்பார்கள், இரண்டாவது வாரம் நெளிவார்கள். கொஞ்ச நாளில் அந்த ஒலிக்குள் தாழ்ந்த சட்ஜமும் பஞ்சமமும் மேல் சட்ஜமும் இருப்பது அவர்கள் காதில் விழத் தொடங்கும். அதற்குப் பிறகு மெல்ல, வாயை மூடிக்கொண்டு, ஹம் என்று அதில் சேரச் சொல்ல வேண்டும். குரல் சேர்ந்த கணத்தை அவர்களே கண்டுகொள்வார்கள். ஆசிரியர் சொல்லித் தெரிவதல்ல அது.

இதே உண்மையை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அடையாற்றில், வேறொருவர் வேறொரு வழியில் செய்து காட்டியிருக்கிறார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் தம் மகன் மாரியோவுடன் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தார். முதல் ஆசிரியர் பயிற்சியிலேயே முந்நூறு பேர் அளவில் சேர்ந்தார்கள். போர் மூண்டதால் அவர் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முறையில் இசைக்கு மணிகள் உண்டு. அன்னா மரியா மக்கெரோனி என்ற இசை ஆசிரியையோடு சேர்ந்து உருவாக்கியவை அவை. அளவிலும் வடிவிலும் ஒன்றுபோலவே இருக்கும் மணிகள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். குழந்தை ஒரு மணியைத் தட்டும், கேட்கும், மற்றத் தொகுதியில் அதே நாதமுள்ள மணியைத் தேடும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை, காதால்தான் தேட வேண்டும். சோடி சேர்த்துப் பழகிய பிறகே ஸ்வரங்களின் பெயர் சொல்லித் தரப்படும்.

அவரிடம் மௌன விளையாட்டு ஒன்றும் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் அசையாமல் அமர்ந்திருப்பார்கள். ஆசிரியர் சற்றுத் தள்ளி நின்று, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். பெயர் கேட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து அவரிடம் போக வேண்டும். கருவி வேண்டாம், செலவு வேண்டாம். மாநகராட்சிப் பள்ளியிலும் செய்யலாம், கட்டணம் வாங்கும் பள்ளியிலும் செய்யலாம். சேத்துப்பட்டு ரயில் சத்தத்துக்கும் லஸ் முனை ஹாரன் சத்தத்துக்கும் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தேவையான பாடம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது லயம். இது காதிலிருந்து உடம்புக்கு இறங்கும் கல்வி. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டு, திருப்பு. இன்னொரு தட்டு, திருப்பு. ஆக எட்டு அட்சரம். இதைத் தொடையில் போடக் கற்கும்போது குழந்தை முதன்முறையாக நேரத்தைக் கையால் தொடுகிறது. எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும், அதுவும் எல்லோரும் ஒன்றாக வர வேண்டும் என்பதை உணர்கிறது.

பிறகு காலம். கை அதே நிதானத்தில் போய்க்கொண்டிருக்க, வாய் முதல் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரமும், இரண்டாம் காலத்தில் இரண்டும், மூன்றாம் காலத்தில் நான்கும் சொல்ல வேண்டும். அவசரப்படும் பிள்ளையின் கை வாயோடு சேர்ந்து ஓடும். வாய் வேகமாகப் போனாலும் கை நிதானமாக நிற்கலாம் என்பதை உடம்பு ஏற்றுக்கொள்ளப் பல வாரம் பிடிக்கும். ஏற்றுக்கொண்ட அன்று அந்தப் பிள்ளைக்குத் தன் மேல் ஒரு புதிய நம்பிக்கை பிறப்பதை முகத்தில் பார்க்கலாம். கொன்னக்கோல் சொற்கட்டும் அப்படியே. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிட தகதிமி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். ஐந்தும் மூன்றும் எட்டு என்பதை வாயால் சொல்லி, கையால் தட்டி, காலால் நடந்து காட்டுவார்கள்.

உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டும் என்பதில்லை. நம்மிடம் கும்மி இருக்கிறது, கோலாட்டம் இருக்கிறது. இரண்டிலும் வட்டம் உண்டு. கோலாட்டத்தில் எதிரே இருப்பவரின் கோல் வந்து சேரும் நேரத்தில் நம் கோலும் அங்கே இருக்க வேண்டும். பிசகினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். திட்டுவதற்கு ஆசிரியரே தேவையில்லை.

இந்த வட்டத்துக்கு நம் இலக்கியத்திலேயே மிகப் பழைய சாட்சி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை நினைத்துப் பாருங்கள். மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. ஆயர் பெண்ணான மாதரி குரவைக்கூத்து ஆடலாம் என்கிறாள். ஏழு கன்னிப் பெண்களை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்கு ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். கைகோத்து அவர்கள் ஆடுகிறார்கள். சுரம் என்பது இங்கே ஏட்டில் எழுதிய எழுத்து இல்லை, நிற்கும் ஒரு பெண். அவளுக்கு இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஏழு பேரை இப்படி நிறுத்தி, ஆளுக்கு ஒரு ஸ்வரம் கொடுத்து, ஆசிரியர் கை காட்டும்போது அவரவர் ஸ்வரத்தைப் பாடச் சொல்லிப் பாருங்கள். சட்ஜமாக நிற்கும் பிள்ளை தன் முறை அடிக்கடி வருவதைக் கவனிப்பான். நிஷாதமாக நிற்பவள் தனக்கு அடுத்து மேல் சட்ஜம் வேண்டும் என்று தானே கேட்பாள். ஆசிரியர் விளக்கப் போகும் இலக்கணத்தை அவர்கள் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி சரளி வரிசைக்கு வருகிறேன். இதில் என் கருத்து சிலருக்கு ஒவ்வாமல் இருக்கலாம். பொறுத்துக் கேட்க வேண்டும்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், பிறகு மலஹரி ராகத்தில் கீதம். இந்தப் படிவரிசையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வரும் ஏற்பாடு இன்றும் மாறாமல் நிற்கிறது என்றால் அதில் பெரிய அறிவு இருக்கிறது. மாயாமாளவகௌளையைத் தேர்ந்ததிலேயே அது தெரியும். பதினைந்தாவது மேளம். சரிகம என்ற நான்கு ஸ்வரங்களுக்குள் என்ன இடைவெளிகளோ அதே இடைவெளிகள்தான் பதநிச என்ற நான்கிலும். கீழ்ப்பாதியைப் பிடித்துவிட்டால் மேல்பாதியும் பிடிபட்டுவிடும். குறுகிய இடைவெளியும் அகன்ற இடைவெளியும் அடுத்தடுத்து வருவதால் குரல் இரண்டுக்கும் பழகுகிறது.

வீட்டுப் பாட்டு கிளாஸில் இதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்பில், சட்ஜத்தை ஒட்டியே நிற்கும் அந்தச் சுத்த ரிஷபத்தைக் கூட்டமாகச் சுத்தமாகப் பாடவைப்பது மிகக் கடினம். பிள்ளைகள் அதைச் சட்ஜமாகவே பாடுவார்கள், அல்லது மேலே தாவிவிடுவார்கள். ஒரு வருடம் முழுக்க அபஸ்வரமாகப் பாடிப் பழகிய சரளி வரிசையால் யாருக்கு என்ன லாபம்? அதனால் முதல் இரண்டு வருடம் பாட்டுக்கே கொடுக்க வேண்டும் என்கிறேன். நம் தாலாட்டுகளும் கும்மிப் பாட்டுகளும் பெரும்பாலும் சில ஸ்வரங்களுக்குள் நடமாடுபவை. மோகனம் போல ஐந்து ஸ்வர ராகத்தில் அமைந்த எளிய பாட்டுகள் பிள்ளைகளின் குரலுக்கு இதமானவை. இவற்றைப் பாடிக் காது தேறிய பிறகு, மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ சரளி வரிசையைத் தொடங்கினால், இரண்டு வருடம் திணறிக் கற்பதைச் சில மாதத்தில் மகிழ்ச்சியோடு கற்பார்கள்.

ஹங்கேரி நாட்டில் சோல்தான் கோடாய் என்ற பெரிய இசையமைப்பாளர் இந்த வழியில்தான் போனார். தாய்மொழியின் நாட்டுப்புறப் பாட்டே குழந்தையின் முதல் இசைப் பாடம் என்றார். 1950-இல் கெச்கெமெட் என்ற ஊரில், தினமும் பாட்டு வகுப்பு உள்ள தொடக்கப் பள்ளி அவருடைய கொள்கையின்படி தொடங்கியது. நம் ஊரில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி (1901–1973) இசைக்குப் பாடப்புத்தகம் என்பதையே ஒரு துறையாக வளர்த்தார். ஜெர்மனி சென்று மியூனிக்கில் படித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறைக்குத் தலைமை தாங்கியவர். இசையை எப்படிக் கற்பிப்பது என்பதற்கென்றே தனி நூல் எழுதினார். பாடத் தெரிவது வேறு, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தெரிவது வேறு. இரண்டாவதும் கற்றுத் தேற வேண்டிய ஒரு வித்தை என்பதை அன்றைக்கே உணர்ந்தவர் அவர். மியூசிக் அகாடமியும் 1931-லேயே இசை ஆசிரியர் கல்லூரி ஒன்றைத் தொடங்கியதை இங்கே நினைவுகூர வேண்டும்.

சேர்ந்து பாடுவதைப் பற்றிப் பேசும்போது எம்.பி. சீனிவாசனின் (1925–1988) பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். திரைப்பட இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவர். சென்னையில் இளைஞர்களைத் திரட்டிச் சேர்ந்திசைக் குழு அமைத்து, பாரதியின் பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்தார். 1980-களில் என்.சி.இ.ஆர்.டி. பள்ளிகளில் சமூகப் பாடலை வளர்த்தபோது அதற்காக உழைத்தார். பல இந்திய மொழிப் பாட்டுகளை ஆசிரியர்களுக்குக் கற்றுத்தந்து, அவர்கள் வழியே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மைதானத்தில் பாடச் செய்யும் முயற்சி அது. தனிக்குரலின் அழகையே போற்றிவந்த மரபில், கூட்டுக்குரலுக்கும் அழகு உண்டு என்று காட்டியவர் அவர். தொடக்கப் பள்ளிக்கு அவர் காட்டிய வழிதான் பொருத்தம். நாற்பது பேரில் ஒருவரை எழுப்பிப் பாடச் சொல்லி முப்பத்தொன்பது பேரை உட்காரவைப்பது பாட்டு வகுப்பாகாது.

பாட்டின் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரதியும் கவிமணியும் குழந்தைகளுக்கென்று எழுதினார்கள். அழ. வள்ளியப்பா வாழ்நாள் முழுவதையுமே குழந்தைப் பாடல்களுக்குக் கொடுத்தார். புரியும் சொல்லைப் பாடும்போது குழந்தையின் நாக்கு தெளிவாகப் புரளும். ழகரம் பேச்சில் வராத பிள்ளைக்குப் பாட்டில் அந்த எழுத்தை நீட்டிப் பாடும்போது வந்துவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு நம் வகுப்பறைகளில் தெலுங்கு, மலையாளம், உருது, இந்தி பேசும் வீடுகளின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழில் தொடங்குவோம். அந்தந்தப் பிள்ளையின் வீட்டுத் தாலாட்டு ஒன்றையும் வகுப்பு முழுவதும் கற்றுக்கொள்ளட்டும். தன் அம்மாவின் பாட்டை நாற்பது பேர் பாடுவதைக் கேட்கும் பிள்ளை அந்தப் பள்ளியைத் தன் பள்ளியாக நினைக்கும்.

அடுத்துச் சொல்லப்போவதை ஆசிரியர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஆண்டு விழா வரும். மேடையில் குழுப் பாட்டு. சுருதி சேராத பிள்ளையிடம் யாராவது வந்து, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்பார்கள். தயவுசெய்து இந்தச் சொல்லை எந்தப் பள்ளியிலும் எந்தக் குழந்தையிடமும் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்த எத்தனையோ பெரியவர்கள், "எனக்குப் பாட்டு வராது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு வேர், ஆறேழு வயதில் கேட்ட இந்த ஒரு வாக்கியம்தான்.

கேட்ட ஸ்வரத்தைக் குரலில் பிடிக்கும் திறன் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வயதில் வருவதில்லை. ஐந்து வயதில் சிலருக்கு, எட்டு வயதில் சிலருக்கு. ஸ்வர வேறுபாடே பிடிபடாத பிறவிக் குறை உள்ளவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு வேண்டியது பழக்கமும் பொறுமையும். நம் சுருதியும் ஒரு காரணமாக இருக்கலாம். சிறு பிள்ளைகளின் குரல்நாண் நீளம் குறைவு, கீழ் ஸ்தாயி அவர்களுக்கு எட்டாது. ஆசிரியை தம் குரலுக்கு வசதியாக நாலு கட்டையில் பாடி, மந்திர ஸ்தாயிக்கும் இறங்கினால் பிள்ளைகள் தடுமாறத்தான் செய்வார்கள். ஐந்தரை, ஆறு கட்டைக்கு ஏற்றிப் பாருங்கள். வராது என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளில் பலர் சேர்ந்துவிடுவார்கள். எவ்வளவு முயன்றும் ஒரு பிள்ளை சேரவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவும் இல்லை என்றால், பெற்றோரிடம் சொல்லிச் செவிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காது மந்தம் என்பதை வீட்டாரும் வகுப்பாசிரியரும் கவனிக்கும் முன்பே பாட்டு டீச்சர் கவனிக்க முடியும். அதனாலேயே ஒரு குழந்தையின் படிப்பு காப்பாற்றப்படலாம்.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் பேசுகிறேன். "பாட்டுக் கற்றால் கணக்கு நன்றாக வருமாமே, மூளை வளருமாமே" என்று கேட்கிறீர்கள். 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்விலிருந்து 'மொசார்ட் விளைவு' என்ற பேச்சு கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள் 36 பேர். மொசார்ட்டின் இசையைக் கேட்டபின், வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒருவகைச் சோதனையில் அவர்கள் சற்றுக் கூடுதலாகத் தேறினார்கள். அந்த வேறுபாடு கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. குழந்தைகளைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. இதை நம்பி உலகெங்கும் பெற்றோர்கள் ஒலிநாடா வாங்கினார்கள். இசைக்கு இப்படிப்பட்ட சிபாரிசு தேவையில்லை. கேட்கத் தெரிந்த மனிதராக வளர்வதே போதுமான பயன். "எத்தனை கீதம் முடிச்சே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன கேட்டே?" என்று கேளுங்கள். கொலுவுக்கு வந்தவர்கள் முன்னால் பாட மறுக்கும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள். பாடினால் சுண்டல் கொடுங்கள், பாடாவிட்டாலும் கொடுங்கள்.

நம் பகுதியே ஒரு பெரிய இசைக்கூடம். பங்குனியில் அறுபத்து மூவர் விழாவில் நாகஸ்வரமும் தவிலும் மல்லாரி வாசித்துக்கொண்டு மாடவீதியில் வரும். பாபநாசம் சிவன் அவர்கள் மார்கழி விடியலில் பஜனை பாடிக்கொண்டு நடந்ததும் அதே வீதிகளில்தான். சாந்தோம் தேவாலயத்தில் பாடகர் குழு பாடுகிறது. பக்கத்தில் நொச்சிக்குப்பத்தில் பறையும் கானாவும் கேட்கின்றன. அங்கிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளையின் கையில் இருக்கும் தாளக்கட்டு சில நேரம் ஆசிரியரையே அசரவைக்கும். அந்தப் பிள்ளை மேஜையில் தட்டினால், "சத்தம் போடாதே" என்று அடக்கிவிடாமல், "எல்லோருக்கும் கற்றுக்கொடு" என்று முன்னே அழைக்க வேண்டும். ஒருவர் வீட்டு இசை உயர்ந்தது, இன்னொருவர் வீட்டு இசை சத்தம் என்ற பாகுபாட்டை ஆறு வயதில் கற்பிக்கும் வகுப்பு, இசைக்குப் பதிலாகக் கெட்ட ஒன்றையே கற்பிக்கிறது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரையோரம் நடக்கத் தொடங்கிய இசை விழாவில் கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடை ஏறின. பெரியவர்கள் செய்து காட்டியதைப் பள்ளிகள் தினமும் செய்யலாம்.

கடைசியாக, அரசுப் பள்ளிகளையும் மாநகராட்சிப் பள்ளிகளையும் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று 2005-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் சொல்லியது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பாட்டுக்கு இடம் இருந்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டு இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடக்கிறது. இவற்றை மனமார வரவேற்கிறேன். ஆனால் எழுத்தை நினைவில் வைக்கப் பாட்டு, விழாவில் பரிசு வாங்கப் பாட்டு என்பதோடு நின்றுவிடக் கூடாது. 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கானவர்கள். காது மிகக் கூர்மையாக இருக்கும் ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை, பாட்டுக்கென்று ஓர் ஆசிரியர் இல்லை.

எல்லாப் பள்ளிக்கும் உடனே இசை ஆசிரியர் கிடைக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கையில் எட்டும் சிலவற்றைச் சொல்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பயிற்சியின்போதே இருபது பாட்டும், ஆதி தாளமும், சுருதியோடு சேர்வதும் கற்றுத்தர வேண்டும். சங்கீத வித்வத் வேண்டாம், கூச்சமில்லாமல் பாடினால் போதும். வாரத்துக்கு ஒரு நீண்ட வகுப்பைவிட, தினமும் காலையில் பத்து நிமிடம் பலன் தரும். எட்டு வயதுக்கு முன் போட்டியும் மதிப்பெண்ணும் வேண்டாம். சபாக்கள் ஒவ்வொன்றும் தம் பேட்டையில் இருக்கும் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியை ஏற்றுக்கொள்ளட்டும். கச்சேரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பின்வரிசையில் உட்காரவைப்பது போதாது. வித்வான்கள் அந்த வகுப்பறைக்குப் போய், தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு பாட வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதாக இல்லாமல், மாதந்தோறும் போக வேண்டும்.

பாட்டு வகுப்பில் ஒரு குழந்தைக்குத் தன் குரலை அடுத்தவர் குரலுக்கு மேலே எழுப்பாமலும், அதற்குள் தொலைத்துவிடாமலும் பாட வரும். இந்தக் கல்வி வேறெந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நாளைக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் தெருவிலும் சட்டசபையிலும் நமக்கு மிகவும் வேண்டியிருப்பது இதுதான். இதை இந்த ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க நம்மிடம் பாட்டும் இருக்கிறது, பாடுபவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக் கால அட்டவணையில் பாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் தேர்வுக்கும் கடன் கொடுக்காமல் காப்பாற்றுங்கள் என்று இங்கே இருக்கும் தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.